பின்கதவு அம்மன்

அந்தப் படத்தில் இருப்பது அம்மன் இல்லை. முப்பது வயதிருக்கும் ஒரு தீப்பெட்டித் தொழிலாளி. வரைந்தவன் நான். இதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டுவிட்டு இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது என்று என் மகள் கேட்கிறாள். ஒன்றும் ஆகாதுதான். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா விருதுநகரில் பள்ளிக்கூட வாத்தியார். வேதக்காரக் குடும்பம். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். நானும் வாத்தியார் ஆவேன் என்று நினைத்திருந்தார். நான் மெட்ராசுக்குப் போய் ஓவியப் பள்ளியில் சேர்ந்தேன். அங்கே நூலகத்தில் வெளிநாட்டுச் சுவரொட்டிகளை அச்சடித்த தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. ஒரு சுரங்கத் தொழிலாளி கையை உயர்த்தி நிற்பான். கீழே இரண்டே சொல். பாஷை தெரியாது, ஆனால் அவன் என்ன கேட்கிறான் என்று தெரியும். ஊருக்குப் போய் இந்த மாதிரி நாலு படம் போட்டால் ஊர் மாறிவிடும் என்று அந்த வயதில் உறுதியாக நம்பினேன்.

ஊரில் எனக்குக் கிடைத்தது சிவகாசி அச்சாபீஸ் ஒன்றில் காலண்டர் படம் வரையும் வேலை. லட்சுமி, சரஸ்வதி, மாரியம்மன், குழந்தைக் கண்ணன். இடையிடையே தீப்பெட்டி லேபிளுக்குக் கிளியும் மானும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு. நிழலும் வெளிச்சமும் வர வேண்டுமென்றால் அந்தத் தகட்டில் பேனா முனையால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். லட்சுமியின் ஒரு கன்னத்துக்கு ஒரு பகல் போய்விடும். அப்பா ஞாயிற்றுக்கிழமை குடும்ப ஜெபத்தில் எல்லோர் வேலையையும் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்பார். என் வேலையை மட்டும் சொல்லாமல் தாண்டிவிடுவார்.

தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் சுவரொட்டி. காலையில் ஒரு கட்சிக்காரர் வந்து தலைவரின் முகத்தில் பத்து வயதைக் குறைக்கச் சொல்வார். மத்தியானம் எதிர்க்கட்சிக்காரர் வந்து அவருடைய தலைவருக்கும் அதையே கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் கேட்டதைச் செய்துகொடுத்தேன். நல்லாவே செய்தேன் என்பதுதான் இன்னும் எரிச்சல்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வேதக்கோயில் வாசலில் நிற்கும்போது ஒரு நர்ஸ் அம்மா என்னிடம் வந்தார். சிவகாசியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. எங்கள் சபைதான்.

“தம்பி, சாமி படம் போட்டது போதும். எனக்கு ஒரு மனுஷி படம் போட்டுத் தாங்க” என்றார்.

திருத்தங்கல் ரோட்டில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நீளமான ஒரு கொட்டகை, முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. பெண்கள் பெட்டிகளை மடியில் கட்டிக்கொண்டு பின்பக்கமாகப் போய்விடுகிறார்கள் என்று முதலாளிக்குச் சந்தேகம். காலையில் ஆள் உள்ளே வந்ததும் பின்கதவை வெளியே பூட்டிவிடுவார்கள். ஒருநாள் குச்சி அடுக்கிய மரச்சட்டம் ஒன்று பற்றிக்கொண்டது. அத்தனை பேரும் முன்கதவில் போய் நெருங்கினார்கள். பின்பக்கம் உட்கார்ந்திருந்த ஒருத்தி பூட்டின கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, எரிகிற சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். யாரும் சாகவில்லை. அவள் உள்ளங்கை இரண்டும் வெந்துபோயின.

“கதவைத் திறந்து போடச் சொல்லி மனு எழுதிக் குடுத்துப் பாத்தாச்சு. நோட்டீஸ் ஒட்டினா இவளுகள்ல முக்காவாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. படமா ஒட்டணும். எல்லா ஆபீஸ் பொம்பளைகளும் பாத்து, எல்லாரும் சேந்து கேக்கணும்” என்றார் நர்ஸ் அம்மா.

நான் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தது அதற்குத்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பெண்ணை உட்காரவைத்து வரைந்தேன். கைக்கட்டை அன்றுதான் அவிழ்த்திருந்தார்கள். விரல்கள் பாதி மடங்கியபடி நின்றுவிட்டன. உள்ளங்கை ரேகையெல்லாம் போய், சிவப்பும் வெளுப்புமாக இழுத்துப் பிடித்த தோல்.

“ஏண்ணே, வரையிறதுக்கு ஒங்களுக்கு வேற பொம்பளையே கெடைக்கலையா?” என்றாள்.

“பேசாம இரும்மா. வாய் அசையுது.”

“வாயி அசையத்தான செய்யும். கைதான் அசைய மாட்டேங்குது.”

நர்ஸ் அம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவளே எட்டிப் பார்த்தாள்.

“மூக்கு இம்புட்டு நீளமா? சரி, இருந்துட்டுப் போகட்டும். மூஞ்சி எப்படி வேணாலும் போடுங்க. கையை மட்டும் நல்லாப் போடுங்கண்ணே. கை தெரியலன்னா நான் எவளோ ஒருத்தி.”

படம் இதுதான்: பின்னால் பாதி திறந்த கதவு. இரண்டு பக்கமும் தீ. நடுவில் அவள், இடதுகை தாழ்ப்பாளில் இருக்கிறது. வலதுகையின் உள்ளங்கையை நம் பக்கம் நீட்டி, ‘நில், பூட்டாதே’ என்கிறாள். அந்த உள்ளங்கையில் தழும்பு. கீழே ‘பின்கதவைத் திற’ என்று ஒரே வரி. மெட்ராஸ் புத்தகத்துச் சுரங்கத் தொழிலாளிக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று எனக்கு நினைப்பு.

அச்சாபீஸ் முதலாளி அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் கெட்டவர் இல்லை. படத்தைக் கையில் வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“நல்ல காரியந்தான். யாரு வேண்டாம்னா? மாரியம்மன் காலண்டர் இப்ப மிஷின்ல ஏறப்போகுதுல்ல, அந்தத் தாள் ஓரத்துல ரெண்டு சாண் எடம் சும்மாதான கிடக்கு. அதுல ஏத்திருவோம். தனியா எதுக்கு அடிச்சிக்கிட்டு?” என்றவர், படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். “கையில என்னய்யா அது, அழுகின கத்திரிக்கா கணக்கா?”

“தீக்காயம், அண்ணாச்சி.”

“அத எடுத்திரும். கண்றாவியா இருந்தா சுவத்துக்காரன் அன்னைக்கே கிழிச்சிப்புடுவான். பெறகு இன்னொண்ணு. அந்த ஆபீஸ் லேபிள் ஆர்டர் பூராம் நமக்குத்தான் வருது. கதவு எல்லா ஆபீஸ்லயும் இருக்கு. கை ஒருத்திக்குத்தான் இப்படி இருக்கு. ஊருக்கே தெரிஞ்சுபோகும்லே.”

அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார். தழும்பு இருந்தால் அது அவள். இல்லாவிட்டால் எவளோ ஒருத்தி. அவள் சொன்னதையே அவரும் சொன்னார்.

நான் சண்டை போடவில்லை. போட்டேன் என்று நர்ஸ் அம்மாவிடம் சொன்னேன். அது பொய். உண்மையில் எனக்கே அந்தத் தழும்பு சரியாக வரவில்லை. மஞ்சள் மேல் சிவப்புப் புள்ளி வைத்தால் அம்மை போட்டது போலத் தெரிந்தது. மூன்று தடவை முயன்றேன். நாலாவது தடவை முயன்றிருந்தால் வந்திருக்கும். எடுத்துவிடச் சொன்னதும் உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. ஒரு மத்தியானத்தில் உள்ளங்கையை வழவழப்பாக்கி முடித்தேன்.

இன்னொன்று, காலண்டர் தாளின் ஓரத்தில் ஏற்றினால் காலண்டருக்குப் போகும் மைதான் இதற்கும் போகும். மாரியம்மனுக்கு மஞ்சள் பூசிய முகம், சிவப்புப் புடவை. அதே மஞ்சள்தான் இவள் முகத்துக்கும், அதே சிவப்புத்தான் இவள் புடவைக்கும். இது எனக்கு முன்பே தெரியும். வேறு வழி தேடவில்லை. போதாததற்கு என் கை. வருஷக்கணக்காகச் சாமி முகமே போட்டுப் பழகிய கை, தகட்டில் ஏற்றும்போது அந்த நீள மூக்கைச் சின்னதாக்கிவிட்டது. கண்ணைப் பெரிதாக்கியது. இரண்டு பக்கத்துத் தீயையும் ஒரே அளவு நாக்குகளாக வளைத்து, தலைக்குமேல் கூட்டிவிட்டது. கோயில் சிலைக்குப் பின்னால் இருக்குமே திருவாசி, அது மாதிரி. அச்சாகி வந்தபோது பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு, நர்ஸ் அம்மாவும் சில பெண்களும் ரோடு நெடுக ஒட்டினார்கள். அப்போது நான் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே போவேன். நாலாம் நாள் ஒரு படத்தின் நெற்றியில் குங்குமம் இருந்தது. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த நாள் மூன்று படத்தில் குங்குமம், ஒன்றில் பூ. அதற்கடுத்த நாள் சில படங்களைக் காணவில்லை. கிழித்த தடம் இல்லை. தண்ணீர் தெளித்து ஊறவைத்துப் பதமாக உரித்து எடுத்திருந்தார்கள்.

பஸ் நிறுத்தத்து டீக்கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“இது எந்த ஊரு அம்மன், மாமா?”

“தெரியல மாப்ளே. கதவத் திறந்துக்கிட்டு வாரா. கையப் பாரு, ‘பயப்படாதலே’ங்கா.”

“கீள என்னமோ எளுதியிருக்கே?”

“கதவத் திறன்னு போட்டிருக்கு. நடை திறக்கிறதச் சொல்லுதாக.”

“பின்கதவுன்னுல்ல இருக்கு?”

“சில கோயில்ல அப்படித்தாம்லே. ஒனக்கு என்ன தெரியும்?”

நில் என்று நான் நீட்டிய கை, அஞ்சாதே என்று ஆசி கொடுத்துக்கொண்டிருந்தது. தழும்பு இருந்திருந்தால் எந்த மாப்பிள்ளையும் மாமாவும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். எரிச்சல் என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி ஒரு படம் போட்டுவிட்டேன் என்று உள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நர்ஸ் அம்மா ஆராதனைக்குப் பிறகு என்னைப் பிடித்தார். “தம்பி, நான் கேட்டது மனுஷி” என்றார். அவ்வளவுதான். கையிலிருந்த பைபிளை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு நின்றிருந்தால் படம் வீணாய்ப் போனது என்று விட்டிருக்கலாம். அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி புத்திசாலி. படம் ஒன்றை வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, தன் கொட்டகையின் பின்கதவிலேயே உள்பக்கமாக ஆணி அடித்து மாட்டினார். சட்டம் போடுகிற கடையில் அளவுக்குச் சரியாக இல்லை என்று கீழே இருந்த வரியை வெட்டிவிட்டார்கள். செவ்வாய் வெள்ளி பூமாலை. தீப்பெட்டி ஆபீஸ் என்பதால் விளக்கு மட்டும் கிடையாது. பெண்கள் அந்தப் பக்கம் செருப்பில்லாமல் போனார்கள். படம் ஒட்டிய பெண்களிலேயே சிலர் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அம்மன் வந்து உட்கார்ந்த கதவை எப்படித் திறப்பது? திறக்கச் சொல்லி வரைந்த படமே கதவை இன்னொரு தடவை பூட்டிவிட்டது. பின்கதவு அம்மன் என்று பெயரும் வந்துவிட்டது.

கை கொஞ்சம் தேறியதும் அந்தப் பெண் வேலைக்குத் திரும்பினாள். உள்ளே வந்து படத்தைப் பார்த்தவுடன் சத்தமாகச் சிரித்தாளாம். “ஏ, இது நாந்தாண்டி. கதவத் திறக்கச் சொல்லிப் போட்ட படம்” என்றாளாம். வாயை மூடு என்றார்கள். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் படத்தை ஆணியிலிருந்து எடுத்துச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டு, கதவைத் தட்டித் திறக்கச் சொல்லிச் சத்தம் போட்டாள்.

அம்மனைத் தரையில் இறக்கிவிட்டாள் என்று ரகளை. முதலாளி எனக்கு ஆள் அனுப்பினார். அச்சாபீஸ் மிதிவண்டியில் போனேன். கொட்டகைக்கு முன்னால் களத்தில் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். கணக்கப்பிள்ளை அந்தப் படத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அவள் தனியாக நின்றாள்.

“வாங்க ஆர்டிஸ்ட் சார்” என்றார் முதலாளி. குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. “நீங்க வேதக்காரக. எங்க சாமி காரியம். இருந்தாலும் வரைஞ்சவக நீங்க. கேட்டுத்தான ஆகணும். இது அம்மனா, இந்தப் பிள்ளையா?”

கூட்டத்தில் ஒரு கிழவி சொன்னாள்: “வேதக்காரன்கிட்டப் போயா கேப்பீக? அவரு இல்லன்னுதான் சொல்லுவாரு.”

“சொல்லட்டும், கேப்போம். சொல்லிட்டு ஊருக்குள்ள நடமாடணும்ல” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் என்னைப் பார்த்தாள். “சொல்லுங்கண்ணே. ஆஸ்பத்திரியில வச்சு வரைஞ்சீகள்ல. நாந்தானே?”

‘நீதான்’ என்றால் போதும். நான் சொன்னது இது: “கும்பிடுறவங்களுக்கு அது எதுவோ, அதுதான்.”

அந்த வாக்கியத்தை யோசித்துக்கூடச் சொல்லவில்லை. தானாக வந்தது. படித்தவனுக்கு இந்த மாதிரி வாக்கியம் எப்போதும் கைவசம் இருக்கும். நான் வேதக்காரன், சாமி இல்லை என்று சொன்னால் கலகம் ஆகும், அதனால்தான் சொன்னேன் என்று பின்னால் நர்ஸ் அம்மாவிடம் விளக்கினேன். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் களத்தில் நிற்கும்போது என் மனதில் ஓடியது கலகம் இல்லை. தழும்பு எங்கே என்று அவள் கேட்டுவிடுவாளோ என்ற பயம்.

கேட்டாள். சத்தம் போடவில்லை. “அப்ப என் கையை எங்கன வச்சீக?” என்றாள்.

கூட்டம் அதைக் கவனிக்கவில்லை. அம்மன்தான் என்று நான் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டு குலவை போட்டார்கள். கணக்கப்பிள்ளை படத்தை உள்ளே கொண்டுபோய் மாட்டினார். அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னார்கள். வேறு எந்த ஆபீஸும் அவளைச் சேர்க்கவில்லை. சாமியை இறக்கினவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய்விட்டது. கொஞ்ச நாளில் காரியாபட்டிப் பக்கம் அண்ணன் வீட்டுக்குக் காட்டு வேலைக்குப் போய்விட்டதாக நர்ஸ் அம்மா சொன்னார். அந்தக் கையால் என்ன களை எடுத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் அச்சாபீஸ் அண்ணாச்சி பின்கதவு அம்மனைப் பெரிய காலண்டராகவே போட்டார். நான்தான் வரைந்தேன். இந்தத் தடவை தாளின் ஓரம் இல்லை, முழுத் தாள். தாழ்ப்பாளில் இருந்த கையில் ஒரு சூலம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். சீசன் முடிவதற்குள் எல்லாம் விற்றுப்போனது. அப்பா அதைப் பற்றியும் ஆண்டவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தீப்பெட்டி ஆபீஸை ஆய்வு செய்ய ஒரு அதிகாரி வந்தாராம். பின்கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டாராம். அது சாமி இருக்கிற பக்கம் என்றதும், செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கும்பிட்டாராம். இதை எனக்குச் சொன்னவர் சிரிப்பதற்காகச் சொன்னார்.

மூன்று வருஷம் தாங்கினேன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் காலையில் நேராகத் திருத்தங்கல் ரோட்டுக்குப் போனேன். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி முன்அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சார், வாங்க. சாப்பிட்டீகளா?”

“ஒண்ணு சொல்லிட்டுப் போக வந்தேன், அண்ணாச்சி. அந்தப் படத்துல இருக்கிறது அம்மன் இல்ல. அந்தப் பொண்ணுதான். தழும்பை நான்தான் எடுத்தேன். அன்னைக்குக் களத்துல சொல்லியிருக்கணும். சொல்லல.”

அவர் பேப்பரை மடித்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

“இதுக்கா இம்புட்டு தூரம் வந்தீக? அது அவதான்னு எனக்கு அன்னைக்கே தெரியுமே சார். கை வெந்து நின்னத நான் பாக்கலையா? ஒங்களக் கூப்பிட்டு விட்டதே பயந்துக்கிட்டுத்தான். நீங்க மட்டும் அவதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அம்புட்டுப் பேரும் ஒரே நிமிஷத்துல அவ பக்கம் போயிருப்பாளுக. நானும் திறந்துதான் போட்டிருக்கணும்.”

“இப்பவாவது திறந்து விடுங்களேன்” என்றேன்.

“திறக்கலாம். ஆனா இப்ப யாரு சார் கேக்கா?” என்றார். கேலியாக இல்லை. உண்மையாகவே கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார்.

நான் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை.